மீன்பலகை மேல் நின்ற பிக்கப்

இரண்டு இஞ்ச் உயர்த்தினால் சரியாகாத சங்கதி இந்தப் பூமியில் கிடையவே கிடையாது என்று ஒரு மனிதர் நம்பினார். நம்பினார் என்றால், நாமெல்லாம் கடவுளை நம்புகிற மாதிரி பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் அல்ல. வாரத்தில் ஏழு நாளும், தூக்கத்திலும்.

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஆறு பேர் தங்கும் அறையில் எனக்கு எதிர்க்கட்டில் அவருக்கு. பாஸ்போர்ட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அது அவருடைய மனைவிக்கும் ஏர்போர்ட் அதிகாரிகளுக்கும் மட்டும் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் ரெண்டிஞ்சு. அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். ஐம்பது வயது. ஐந்தடிக்கு ஒரு விரற்கடை குறைவு. அந்த ஒரு விரற்கடையை யாரும் அவர் முன்னால் பேசுவதில்லை.

அறைக்கு வந்த முதல் வாரமே கட்டில் கால்களுக்கு அடியில் பெயிண்ட் டப்பாக்களில் சிமெண்ட் ஊற்றிவைத்து எல்லாவற்றையும் உயர்த்தினார். பெட்டிகள் கீழே போயின. அறையில் நடக்க இடம் வந்தது. நாங்கள் கைதட்டினோம். மேல்கட்டில் திருவாரூர்க்காரர் மட்டும் கைதட்டவில்லை. அன்றிலிருந்து அவர் புரண்டு படுத்தால் மூக்கு கூரையில் உரசியது. அடுத்து அடுப்பை உயர்த்தினார். குனியாமல் சமைக்கலாம் என்றார். உண்மைதான், குனியாமல் சமைக்கலாம். சட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் முடியாது. ஒரு மாதம் நாங்கள் வாசனையை வைத்தே சாம்பாரை இறக்கினோம்.

நான் வேலை பார்க்கும் விளம்பரப் போர்டு கடையில் டிசைன் போடும் பையன் ஒருவன், மேனேஜர் தினமும் திட்டுகிறார் என்று அவரிடம் அழுதான்.

“ஒஞ் சேரை ரெண்டு இஞ்ச் ஏத்துப்பா. கீழ இருந்துக்கிட்டு மேல இருக்கவன எவன்யா திட்ட முடியும்?”

பையன் ஏற்றினான். மேனேஜர் வந்தார், பார்த்தார், போனார். மத்தியானம் தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து, “யார் செஞ்சது? எனக்கும் போடச் சொல்” என்றார். மறுநாள் திட்டு இரண்டு இஞ்ச் உயரத்திலிருந்து விழுந்தது.

அவருக்குச் சொந்தமாக ஒரு பிக்கப் இருந்தது. இருபது வயது தாண்டிய ஜப்பான் வண்டி. ஃபோர் வீல் வண்டிதான், ஆனால் அந்தக் கியரை அவர் ஒருநாளும் போட்டதில்லை. டைல்ஸ், வாஷிங் மெஷின், ரூம் மாறும் பேச்சிலர்கள் என்று சுமந்து சுமந்து பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் தளர்ந்து, எதிரே வருகிற எல்லோருக்கும் முழங்கால் மடக்கி வணக்கம் சொல்வதுபோல நிற்கும். ஆச்சரியம் என்னவென்றால், உலகத்தையே உயர்த்திய மனிதர் அந்த வண்டியைப் பல வருடம் அப்படியே விட்டுவைத்திருந்தார். “சரக்கு ஏத்த எறக்க தாழ்வா இருந்தாத்தான் சௌகரியம்” என்பார். அவருடைய மதத்தில் அது ஒன்றுதான் விதிவிலக்கு.

விதிவிலக்கை உடைத்தவர் முருகேசன். ரெண்டிஞ்சின் தங்கை வீட்டுக்காரர்.

மாப்பிள்ளைக்கு டிரைவர் வேலை என்று சொல்லி விசா எடுத்துக் கொடுத்தது இவர்தான். ஊரில் தங்கச்சி கழுத்து நகையை வைத்து டிக்கெட் போட்டு மாப்பிள்ளை வந்து இறங்கினார். வந்த பிறகுதான் தெரிந்தது, டிரைவர் வேலையில் வண்டி என்பது ஒட்டகம். மதாம் என்கிற ஊரைத் தாண்டி, தார்ரோட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் மணலுக்குள் ஒரு பண்ணை. நாற்பது ஒட்டகம், ஒரு தகரக் கொட்டகை, ஒரு மனிதன். விசாவை இவரும் நம்பித்தான் வாங்கியிருந்தார். ஆனால் விசாரிக்காமல் வாங்கியிருந்தார்.

முதல் வாரம் மாப்பிள்ளை போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அறை முழுக்கக் கேட்டது.

“மச்சான், நீ இங்க வா. இந்த மண்ணுல எங்கூட ஒக்காந்து ஒரு வேள சோறு தின்னு. அதுக்கப்பறந்தான் ஒங்கிட்டப் பேச்சு.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு இவர் போன் செய்தால் அவர் எடுக்கவே இல்லை. தங்கச்சியிடம் பேசுவார், பிள்ளைகளிடம் பேசுவார், மச்சானிடம் பேச மாட்டார்.

ரெண்டிஞ்சு அடுத்த வெள்ளிக்கிழமையே கிளம்பினார். தார்ரோட்டிலிருந்து இறங்கி ஐம்பதடி போவதற்குள் வண்டியின் வயிறு மணலில் குந்தியது. நான்கு சக்கரமும் அந்தரத்தில் நீந்தின. அந்த வழியாக வந்த பையன்கள் பெரிய வண்டியில் கயிறு கட்டி இழுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள். அவர் திரும்பி வந்தபோது சட்டைப் பையிலிருந்துகூட மணல் கொட்டியது.

“அண்ணே, ஒரு பெரிய வண்டி வாடகைக்கு எடுத்துப் போய்ட்டு வந்துரலாம்” என்றேன்.

“எரவல் வண்டியில போனா எரவல் மன்னிப்புத்தான்யா கெடைக்கும். என் வண்டியில போயி எறங்கணும்.”

சற்று நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு எங்களுக்கெல்லாம் தெரிந்த அந்தக் குரலில் சொன்னார்: “ரெண்டு இஞ்ச். இல்ல, நாலு. நாலு ஏத்திப் பெரிய டயர் போட்டா, மணலு என்ன செய்யும்?”

வண்டியை உயர்த்துவதற்கென்றே பெட்டியில் போட்டு விற்கிற சாமான் இருக்கிறது. கடையில் விலை கேட்டுவிட்டு, விலைச்சீட்டுக்கு ஒரு கும்பிடு போட்டு வெளியே வந்தார். அதன்பிறகு எங்கள் வெள்ளிக்கிழமைகள் பழைய சாமான் கிடங்குகளில் கழிந்தன. வெயிலில் வெந்த இரும்பின் வாசனை உங்களுக்குத் தெரியுமா? அது ஒரு துக்கமான வாசனை. அங்கே கதவில்லாத கார்களும் காரில்லாத கதவுகளும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு கிடக்கும். அதற்கு நடுவில் இந்த ஐந்தடி மனிதர், பொண்ணு பார்க்க வந்தவர்போல ஒவ்வொரு செத்த லாரியின் அடியிலும் தலையை நீட்டி, “பட்டை நல்லாருக்கா? வளைவு நல்லாருக்கா?” என்று கேட்டுக்கொண்டு போவார்.

சின்ன லாரி ஒன்றிலிருந்து இரண்டு பட்டைகள் கிடைத்தன. அவற்றைப் பின்பக்கம் செருகினோம். வண்டியின் பின்புறம் ஜம்மென்று எழுந்தது. முன்புறம் அப்படியே இருந்தது. வண்டி தரையில் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவதுபோல நின்றது. முன்பக்கத்துக்கு ஒரு வழி உண்டு. அடியில் ஒரு முறுக்குக் கம்பி, அதன் முனையில் ஒரு போல்ட். அதை இறுக்கினால் முகம் தூக்கும். காசில்லாமல் கிடைக்கும் உயரம் என்பதால் ரெண்டிஞ்சு கையை நிறுத்தவில்லை. இறுக்கினார், இறுக்கினார், மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி இறுக்கினார். அன்று பொழுது சாயும் நேரத்தில் வண்டி விளக்கைப் போட்டதும் எதிர்க் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒரு ஜன்னல் திறந்து, “யாருய்யா அது, குளிக்கிற ரூமுக்கு லைட் அடிக்கிறது?” என்று குரல் வந்தது.

போல்ட்டைப் பாதி தளர்த்தினோம். அவர் முகமும் பாதி தளர்ந்தது.

இன்னும் இரண்டு இஞ்ச் குறைந்தது. அதற்குக் கீழ்ச்சட்டத்துக்கும் மேலே உட்காரும் கேபினுக்கும் நடுவில் கட்டைகள் வைக்க வேண்டும். மரம் வைத்தால் நசுங்கும், இரும்பு வைத்தால் அதிரும். மூன்று நாள் யோசித்தார். நான்காம் நாள் மீன் மார்க்கெட்டிலிருந்து, வெட்டி வெட்டிக் குழி விழுந்த ஒரு வெள்ளை நைலான் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். புதுப் பலகை வந்ததால் தூக்கிப் போட்டிருந்தார்களாம்.

“பத்து வருசம் கத்தி வாங்கிருக்கு. அசஞ்சிருக்கா பாரு! இதவிடத் தாங்குற சாமான் உலகத்துல ஏது?”

வட்டவட்டமாக அறுத்து வைத்தோம். கேபின் உயர்ந்தது. அசையவில்லை, அதிரவில்லை. எல்லாம் பிரமாதம். ஆனால் மறுநாள் காலை வண்டியடியில் பதினோரு பூனைகள் உட்கார்ந்திருந்தன.

எவ்வளவு சோப்புப் போட்டும் வஞ்சிரம் அந்தப் பலகையை விட்டுப் போகவில்லை. வண்டி எங்கே நின்றாலும் பூனைகள் வந்தன. சிக்னலில் நின்றால்கூட நடைபாதையிலிருந்து ஒன்று எழுந்து நிற்கும். ரூம் மாற்ற இவரைக் கூப்பிட்ட ஒரு குடும்பம், “அண்ணே, சாமானெல்லாம் எறக்கியாச்சு, இந்தப் பூனை எங்களோடது இல்ல” என்று திருப்பிக் கொடுத்தது.

கேபினை உயர்த்தினால் வேறு வினைகளும் உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. கியர் கம்பி கீழேயே தங்கிவிட்டது. கியர் மாற்ற வேண்டுமானால் ஓட்டைக்குள் முழங்கை வரை கையை விட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் பிரசவம் பார்ப்பது போலிருக்கும். பிரியாணிக் கடையிலிருந்து ஒரு பழைய கரண்டியின் காம்பை வாங்கி ஒட்டவைத்தார். அதற்குப் பிறகு அவர் கியர் போடும்போதெல்லாம் எனக்குப் பசித்தது.

கடைசியில் டயர். யாரோ ஒரு பணக்கார வீட்டுப் பையன் சலித்துப்போய்க் கழற்றிய நான்கு பெரிய டயர்கள், அரைவாசி பல்லோடு. மாட்டி முடித்து வண்டி இறங்கியபோது நாங்கள் ஆறு பேரும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தோம். கிழட்டு வண்டிக்கு யானைக்கால். ரெண்டிஞ்சின் கண் கலங்கியிருந்தது. ஏறி உட்கார முயன்றார், முடியவில்லை. கதவைப் பிடித்துத் தொங்கினார். நான் பின்னாலிருந்து ஏற்றிவிட்டேன். மேலிருந்து எங்களைப் பார்த்த அந்தப் பார்வையை நான் எந்தப் பெரிய மனிதரிடமும் கண்டதில்லை.

வலது பக்கம் திரும்பினால் ஒன்றுமில்லை. இடது பக்கம் திரும்பினால் டயர் மட்கார்டைக் கடித்தது. பறபறவென்று ஒரு சத்தம், தெருவில் போகிறவர்கள் ஒதுங்குவார்கள். சுத்தியல் வைத்து மட்கார்டின் உதட்டை மடக்க வேண்டும். அதற்கு மனம் வராமல் இரண்டு வாரம் வலது பக்கமே திரும்பிக்கொண்டு பிழைப்பு நடத்தினார். எதிர்ச்சாரியில் இருக்கிற மளிகைக் கடைக்குப் போக அஜ்மான் எல்லை வரை போய்ச் சுற்றி வந்தார். வெங்காயம் வாங்கி வரப் போனவரை நாங்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்குள் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டோம்.

ஆனாலும் அவருக்கு எல்லாமே லாபம்தான். டயர் பெரிதானதால் கிலோமீட்டர் மீட்டர் மெதுவாக ஓடியது. “பாத்தியா? இவ்வளவு சுத்தியும் கம்மியாத்தான் காட்டுது. வண்டிக்கு வயசு கொறஞ்சுருச்சு” என்றார்.

நடுவில் வண்டிக்கு வருடாந்தரப் பாஸிங் சோதனை வந்தது. இந்தக் கோலத்தில் கொண்டுபோனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு வருட வேலையை ஒரே நாளில் கழற்றினோம். பழைய டயர், பழைய பட்டை, பழைய வணக்கம். வண்டி பாஸானது. அவர் அன்று முழுக்க மொட்டையடித்த பிள்ளையைப் பார்ப்பதுபோல வண்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் விடிந்ததும் ஸ்பானரை எடுத்தோம். மறுபடி எல்லாவற்றையும் மாட்டும் சாக்கில் மட்கார்டின் உதட்டையும் நானே சுத்தியலால் மடக்கிவிட்டேன். அவர் பார்க்க மாட்டேன் என்று திரும்பி நின்றார்.

அதற்கெல்லாம் நடுவில் தங்கச்சி வாரம் தவறாமல் போன் செய்துகொண்டிருந்தது. “அண்ணே, அவருகிட்டப் போனியா?” “வண்டி ரெடியாகுதும்மா.” “எத்தன மாசமாண்ணே ரெடியாகும்? அவரு என்கிட்டயும் இப்பல்லாம் ரெண்டு வார்த்ததான் பேசுறாரு.” போனை வைத்த பிறகு அவர் சமையலறைக்குப் போய்ச் சும்மா நிற்பார். சிரிப்பு மனிதர்கள் சும்மா நிற்பதைப் பார்க்கக் கூடாது. பார்க்கிறவருக்கு இருப்புக் கொள்ளாது.

மாப்பிள்ளை வந்து ஒன்றே கால் வருடம் ஆன ஒரு வெள்ளிக்கிழமை, கிளம்பினோம். விடிகாலையிலேயே மீன் வாங்கிக் குழம்பு வைத்தார். சட்டியைத் துண்டால் சுற்றி என் மடியில் வைத்தார். “சூடு ஆறாமப் போகணும். சாயாமப் பிடி.” வழியில் டயர் கடையில் நிறுத்தி நான்கு டயரிலும் காற்று அடிக்கச் சொன்னார். அடிக்கிற ஆள் போதும் என்றான். “இன்னும் அடி” என்றார். அவன் என்னைப் பார்த்தான். “இன்னும்!” என்றார்.

“எதுக்குண்ணே இவ்வளவு காத்து?”

“காத்து கூடுனா அர இஞ்ச் கூடும்.”

டயர்கள் கருங்கல்லாயின. மதாம் வரை நாங்கள் பயணம் செய்யவில்லை, துள்ளினோம். குழம்பு இரண்டு முறை என் தாடையைத் தொட்டுப் பார்த்தது.

தார் முடிந்தது. மணல் தொடங்கியது. அந்த இடத்தில் பூமி தன் மடிப்புகளையெல்லாம் விரித்துப்போட்டு யாரும் கேட்காத ஒரு நிறத்தில் கிடக்கும். ஃபோர் வீல் போட்டார். கண்ணை மூடினார். ஏறினோம். நூறடி. அவ்வளவுதான். நான்கு யானைக்கால்களும் நான்கு குழி தோண்டி அதில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டன.

தோண்டினோம். தள்ளினோம். பலகை வைத்தோம். நான் சட்டியை மணலில் வைக்கப் போனேன், “கீழ வைக்காத!” என்று கத்தினார். ஒரு கையில் சட்டியோடு ஒரு தோளால் தள்ளினேன். வண்டி இன்னும் ஓர் அங்குலம் கீழே போனது. மணி பதினொன்றரை.

அப்போது எங்களைக் கடந்து ஒரு தண்ணீர் டேங்கர் போனது. தட்டையான, தேய்ந்த, எதையும் உயர்த்தாத ஒரு பழைய லாரி; மணல்மேல் பாயில் நடப்பதுபோலப் போனது. கொஞ்ச தூரம் போய் நின்று, நரைத்த தாடி வைத்த ஒரு பாகிஸ்தான் பட்டான் டிரைவர் இறங்கி வந்தார். எங்கள் டயரைச் செருப்புக்காலால் ஒரு தட்டு தட்டினார். கால் வலித்திருக்க வேண்டும்.

“பாய்! ஹவா நிக்காலோ, ஹவா!”

காற்றைப் பிடுங்கச் சொல்கிறார். பாதிக்கு மேல் பிடுங்கு, டயர் தொங்கட்டும், தட்டையாகிப் படரட்டும், ஒட்டகப் பாதத்தைப் பார், அப்போதுதான் மணல் தாங்கும் என்று கையால் காட்டினார். காட்டிவிட்டு, யல்லா, கிளம்பு என்று சொல்லிப் போய்விட்டார்.

ரெண்டிஞ்சு அசையவில்லை.

“எறங்கிருமேய்யா. காத்தப் பிடுங்குனா வண்டி ரெண்டு இஞ்ச் எறங்கிரும்.”

“எறங்குனா எறங்கட்டும்ண்ணே.”

“ஒன்னே கால் வருசமாய்யா ஏத்துனேன்!”

எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறெதுவோவும் வந்தது. வெயில் தலையில் ஏறி நின்றது. அப்போது அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்தார். தங்கச்சி குரல் எனக்குக் கேட்டது: “அண்ணே, போய்ட்டியா? நீ வர்றேன்னு சொல்லிட்டேன். அவரு காலையில இருந்து ஒன்னும் திங்காமக் காத்துக்கிட்டிருக்காராம்.”

போனை வைத்தார். தரையில் ஒரு குச்சியைத் தேடி எடுத்தார். முதல் டயர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வால்வில் குச்சியை அழுத்தினார். உஸ்ஸ் என்று ஒரு நீண்ட பெருமூச்சு கிளம்பியது. டயருடையதா அவருடையதா என்று சொல்ல முடியாது. வண்டி மெல்ல மெல்ல அவர் தோளுக்கு இறங்கியது. அடுத்த டயர். அடுத்தது. நான்காவதுக்குப் போகும்போது அவர் முகத்தில் ஒருவிதமான அமைதி வந்திருந்தது.

அதன்பிறகு வண்டி மணலைக் கிழிக்கவில்லை, தடவிக்கொண்டு போனது. ஒன்பது கிலோமீட்டரும் யாரோ எங்களை உள்ளங்கை மாற்றி உள்ளங்கை ஏந்தி அனுப்பியதுபோல இருந்தது.

கொட்டகை வாசலில் முருகேசன் நின்றிருந்தார். கறுத்துக் காய்ந்திருந்தார்; இரவல் வாங்கியதுபோலச் சட்டை தொங்கியது. மச்சான் கதவைத் திறந்து தொங்கி, காலுக்குத் தரை எட்டாமல் துழாவி, விழாத குறையாக இறங்கினார். மாப்பிள்ளை ஒரு எட்டு முன்னால் வந்து, நின்றுகொண்டார். பின்னால் ஓர் ஒட்டகம் மென்றுகொண்டிருந்தது.

மாப்பிள்ளை வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். குனிந்து டயரைப் பார்த்தார்.

“என்ன மச்சான், டயர்ல காத்தே இல்ல?”

ஒன்றே கால் வருடத்தில் முதல் பேச்சு.

“நாந்தான் மாப்ள பிடுங்கிவிட்டேன்.”

“யாரு, நீயா?”

“நாந்தான்.”

மாப்பிள்ளை சிரித்தார். கறுத்த முகத்தில் பல் மட்டும் தெரிந்தது. பிறகு என் கையிலிருந்த சட்டியை வாங்கிக்கொண்டு கொட்டகை நிழலுக்குப் போனார். மணலில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். குழம்பு வெதுவெதுப்பாகத்தான் இருந்தது, கொஞ்சம் மணலும் இருந்தது. இரண்டு வாய் சாப்பிட்டதும் ரெண்டிஞ்சு கையை நிறுத்தினார்.

“விசாரிக்காம விசா எடுத்துட்டேன் மாப்ள. தப்புத்தான். தெரியாம—”

“மொதல்ல சாப்பிடு மச்சான். முள்ளு மீனு. பேசிக்கிட்டே திங்காத.”

அவர் தலையைக் குனிந்துகொண்டு தின்றார். நான் ஒட்டகங்களை எண்ணினேன். நாற்பதும் இருந்தன. இரண்டு தடவை எண்ணினேன்.

ஒப்பந்தம் முடிந்து முருகேசன் ஊருக்குப் போய்விட்டார். இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறார். தங்கச்சியின் போன் வந்தால் பின்னணியில் அவர் குரலும் கேட்கிறது. வண்டியை இறக்கிவிடலாமே என்றேன். ரெண்டிஞ்சு காதில் வாங்கவில்லை. பண்ணையில் இப்போது ஒரு வங்காளதேசத்துப் பையன் இருக்கிறான், தனியாக. வெள்ளிக்கிழமை தோறும் இவர் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு அவனிடம் போகிறார். இரண்டு பேருக்கும் பொதுவான மொழி எதுவும் கிடையாது. சட்டியை மடியில் பிடித்துக்கொண்டு நானும் போகிறேன்; மூன்று பேரும் மணலில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

வெள்ளிக்கிழமை வேறு யார் எங்கே கூப்பிட்டாலும், எனக்கு டூட்டி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.